கொல்லைப்பக்கத்துச் சோறு

“முழுக்க நாடகம் சார். இந்தம்மாவுக்குப் பென்ஷன் குடுத்தீகன்னா, நாளைக்கு நானும் எம் மகனோட சண்டை போட்டுக்கிட்டு ஒரு மனு எழுதிப்புடுவேன்.”

கூடலூர் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் இப்படிச் சொன்னதும், எழுத ஆரம்பித்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஏசுதாசன் பேனாவை நிறுத்தினார்.

விசாரணை நடந்தது கடை வாசலில்தான். இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி போட்டதும் வைகுண்டராஜ், கலர் சோடா உடைத்துக் கொடுத்ததும் வைகுண்டராஜ். எதிரே மனு கொடுத்த இருளம்மாள் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பாதித் தெரு.

முதியோர் பென்ஷன் என்று ஒன்று இருக்கிறது என யாரோ சொல்லக் கேட்டு, உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து அவள் கொடுத்த மனு அது. சோறு போட ஆளில்லாதவர்களுக்குத்தான் அந்தப் பென்ஷன். இருளம்மாளுக்கோ கல்லுப்போல ஒரு மகன். சுருளியாண்டி. குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன்.

தை மாதம் மகன் வீட்டை விட்டு வந்தவள், சந்தைப்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஓலைக் குடிசையில் தனியாக இருந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் அவளே காதோடு காதாகச் சொல்லியிருந்தாள். சண்டையெல்லாம் சும்மா, பென்ஷனுக்காகப் போட்ட வேஷம். பொழுது சாய்ந்ததும் கொல்லைப்பக்கமாகப் போய் மகன் வீட்டில் சாப்பிட்டு வந்துவிடுகிறாள். ஆபீசர் காதுக்கு மட்டும் போய்விடக் கூடாது.

தெருவே சேர்ந்து ரகசியத்தைக் காப்பாற்றியது. குழாயடியில் பெண்கள், ‘நேத்து என்ன குழம்பு?’ என்று சிரிப்பார்கள். ஒருநாள் மொச்சை என்பாள், ஒருநாள் நெத்திலி என்பாள். மருமகளுக்கு உப்புக் கை கொஞ்சம் நீளம் என்று குறையும் சொல்லுவாள்.

வைகுண்டராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. தலைச்சுமையாகப் புளி விற்று, கேட்ட விலையிலிருந்து ஒரு பைசா இறங்காமல் நின்று, ஒண்டியாளாகக் கடை போட்டவர். சர்க்காரை ஏமாற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். அவர் கடையில் பில் போடுகிற வழக்கம் இல்லை என்பது வேறு விஷயம்.

இன்ஸ்பெக்டர் இருளம்மாள் பக்கம் திரும்பினார்.

“ஒரே கேள்விதாம்மா. மகன் சோறு போடுறானா, இல்லையா?”

இல்லை என்று சொன்னால் போதும், பென்ஷன் கைக்கு வந்துவிடும். டீக்கடை பிச்சைமணி, இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ‘இல்லைன்னு சொல்லு’ என்று தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார்.

இருளம்மாள் கூடி நின்ற முகங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“பெத்த மகன் போடாம இருப்பானா அய்யா?”

பிச்சைமணி தலையில் அடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

ஜெயித்ததும் வைகுண்டராஜுக்கு மனசு இளகிவிட்டது. உடனே பேரத்தில் இறங்கினார். பொய் மனு, கேஸு என்றெல்லாம் போக வேண்டாம், தள்ளுபடி என்று எழுதி முடித்துவிடுங்கள், தாயையும் மகனையும் சேர்த்து வைப்பது என் பொறுப்பு என்றார். வைத்துக்கொள்கிறேன் என்று மகன் என் முன்னால் சொல்லட்டும், அப்படியே முடித்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டரும் இறங்கி வந்தார்.

ஆள் அனுப்பியதும், சுருளியாண்டி ஜீப்போடு வந்து நின்றான். ஏலத்தோட்டத்துக்குப் போகிற கூலியாட்கள் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் எஞ்சினை அணைக்கவில்லை.

“ஏலே சுருளி, வேஷம் வெளுத்துப் போச்சு” என்றார் வைகுண்டராஜ். “சார்கிட்ட எல்லாம் பேசி முடிச்சுட்டேன், ஒனக்கு ஒண்ணும் வராது. ஆத்தாவ ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

சுருளியாண்டி விழித்தான்.

“என்ன வேஷம்?”

“தெரியாத மாதிரி கேக்கான் பாரு. தெனமும் கொல்லைப்பக்கமா வந்து ஒன் வீட்டுலதான சாப்புடுறாக?”

“யாரு, இதா?” அவன் தாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தையில வெளிய அனுப்புனதோட சரி. அதுக்கப்புறம் எங்க வாசலை மிதிச்சதில்ல, மிதிக்க விடவும் மாட்டேன். இதுக்குச் சோறு போடச் சொல்லி ஊருல ஒருத்தரும் எங்கிட்ட வராதீக.”

கியரைத் தட்டினான். ஜீப் குமுளி ரோட்டில் போய் மறைந்தது.

கடைவாசலில் எடைபோட்ட சரக்கை வாங்க வந்தவன்கூடக் கை நீட்டாமல் நின்றான்.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் பேனாவைத் திறந்து, ஆதரவற்றவர் என்று சிபாரிசு எழுதினார். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். வைகுண்டராஜ், யாரும் சொல்லாமலே முன்னால் வந்து போட்டார். போட்ட பிறகும் தலை நிமிரவில்லை.

இன்ஸ்பெக்டரின் சைக்கிள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் இருளம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

“பாத்தீகளா மொதலாளி, ஆபீசரே நம்புற மாதிரி எம்புட்டு அழகா நடிச்சுட்டுப் போறான் எம் மகன்.”