கஸ்பாரின் நீலச் சண்டைமீன்

"இது என் மீனே இல்ல வெரோனிகா. மாத்திட்டீங்க லா."

"மாத்தி எனக்கு என்னா கெடைக்கப்போவுது அண்ணே? நீங்க பாட்டுக்கு லூமுட்ல மக வீட்டுல ரெண்டு மாசம் உட்காந்துட்டீங்க. தீனி போட்டுப் பார்த்துக்கிட்டதுக்குத் திருடிப் பட்டமா?"

ஈப்போவின் அந்த வரிசை வீடுகளில் அன்று யாரும் டிவி போடவில்லை. கஸ்பார் பக்கத்து வீட்டு வெரோனிகாவிடம் விட்டுப்போனது முழு நீலச் சண்டைமீன். கலப்பே இல்லாமல் அவர் வளர்த்த வம்சத்தின் கடைசி ஆண். இப்போது அதன் உடம்பில் பாதி வெள்ளைத் திட்டு.

பஞ்சாயத்து வளர்ப்பு மீன்கடை லயனலிடம் போனது. அவர் போத்தலைத் தூக்கிப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

"இது மார்பல் அண்ணே. நீலமாத்தான் இருக்கும், திடீர்னு வெளுத்திரும். மரபணு அப்படி."

"என் வம்சத்துல மார்பலே கெடையாதே?"

"எங்கயாவது ஒளிஞ்சிருந்திருக்கும் லா."

கஸ்பார் ஒரு ஜோடி பம்பளிமாஸோடு போய் வெரோனிகாவிடம் மன்னிப்புக் கேட்டார். தெருவே சிரித்தது. அதே மீனைத் தன் நீலப் பெண்மீன்களோடு சேர்த்தார். வளர்ந்த குஞ்செல்லாம் திட்டுத் திட்டாக நின்றன. வம்சம் கெட்டது. அலுத்துப்போய்த் தொட்டிகளைத் தானம் கொடுத்துவிட்டு லூமுட்டுக்கே குடிபோனார்.

அடுத்த வருடம் விதவை வெரோனிகாவுக்கும், மனைவியை இழந்த லயனலுக்கும் மாதா கோயிலில் கல்யாணம். கஸ்பாரும் வந்திருந்தார்.

விருந்தில் அதே தெரு கெர்ட்ரூட் அக்கா, மணப்பெண் வெரோனிகாவின் காதைக் கடித்தாள். "இவர எங்க புடிச்ச?"

"கஸ்பார் அண்ணன் மீனு மொத வாரமே செத்துப்போச்சுக்கா. அதே நீலத்துல ஒன்னு தேடி இவர் கடைக்குப் போனேன்."

பின்னால் தட்டோடு நின்ற கஸ்பார், பக்கத்து ஆளிடம் லூமுட் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.