தெற்கே ஓர் அயல் நட்சத்திரம்

மஃரிப் தொழுகை முடிந்து கண்டக்குழிக் கரையில் வெளிச்சம் வற்றுகிறது. கவிழ்த்து வைத்த படகுகளின் மேல் காற்று மணலை இறைக்கிறது. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. பள்ளிவாசலில் சொன்னபடி நாலு வருடம் காத்திருந்து, பிறகு கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவும் இருந்து முடித்த ஹஃபீலா இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறாள். மறுமணத்துக்குப் பதில் கேட்டு அவளுடைய அண்ணன், காக்கா, வீட்டில் இருக்கிறார். அவளுக்கு நடக்கவே அலுப்பாக இருக்கிறது. தென்னோலைகளுக்கு மேலே மகள் முஃபீதா கை நீட்டுகிறாள். "அந்தா உம்மா, அல்ஃபா சென்டோரி. பாக்க ஒண்டு, உண்மையில ரெண்டு சூரியன். நமக்கு ஆகக் கிட்ட உள்ள அயல் அதுதான்." "கிட்ட எண்டா? கற்பிட்டி போற தூரமா?" மகள் சிரிக்கிறாள். "வெளிச்சம் வந்து சேரவே நாலு வருசத்துக்கு மேல போகும். வாப்பா கடலுக்குப் போன நேரம் வெளிக்கிட்டதுதான் இப்பத் தெரியுது." ஹஃபீலா வெகுநேரம் அண்ணாந்து நிற்கிறாள். அலை வந்து காலை நனைத்துப் போகிறது, மறுபடியும் வருகிறது. "அவ்வளவு தூரத்துல இருந்து அதுகூட வந்து சேந்திட்டு," என்கிறாள். பிறகு குனிந்து செருப்பைக் கையில் எடுக்கிறாள். "நட மகள். மாமாட்ட ஓம் எண்டு சொல்லுவம்."