நீலக் கிளிப்

"பாப்பா தூங்கணும். கண்ண மூடு" என்றாள் தன்விகா.

அவள் மூடிக்கொண்டாள்.

ஐம்பத்து மூன்று வயதுப் பாப்பா. முழங்காலை மடக்கிப் படுத்தும் பாதங்கள் பாய்க்கு வெளியே கிடந்தன.

வழக்கமாக விளையாட்டில் அவளுக்குக் கிடைப்பது பால்காரர் வேஷம். இல்லையென்றால் விருந்தாளி. வாசலில் நின்று மணியடித்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட வேண்டும். இந்தப் பகல்நேரக் காப்பகத்தில் பதினோரு வருடங்களாக மிஸ். ஒரு பிள்ளைகூட அவளை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டதில்லை.

இன்று நான்கு வயது தன்விகா அம்மா. கவின்தான் அப்பா. சொப்புச் சட்டியில் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தான். வீட்டில் பார்ப்பதைத்தானே பிள்ளைகள் விளையாடும். பல அப்பாக்களின் லட்சணம் அவளுக்கு இங்கேதான் தெரிந்திருக்கிறது. கவினின் அப்பா பரவாயில்லை.

சின்னக் கை ஒன்று முதுகில் தட்டியது.

அவளை யாராவது தொட்டே எவ்வளவோ நாளாயிற்று. பஸ்ஸில் இடிப்பதையெல்லாம் சேர்க்க முடியாது.

"அழுவாத பாப்பா. அம்மா ஆபீஸ் போய்ட்டு வந்துருவேன். இத வெச்சுக்க. வந்து வாங்கிக்கறேன்."

உள்ளங்கையில் எதையோ வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். தொட்டதிலேயே தெரிந்தது. தலைக் கிளிப்.

அது மிஸ் கண்டுபிடித்த வழிதான். புதிதாக வரும் பிள்ளை அழுதால், அம்மாவின் பொருள் ஒன்றை அதன் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வாள். துப்பட்டா, கைக்குட்டை, சீப்பு, எதுவானாலும் சரி. பொருள் இங்கே இருந்தால் அம்மா வாங்க வந்துதானே ஆக வேண்டும்? பிள்ளைகளுக்கு அந்த நியாயம் உடனே புரிந்துவிடும். சாயங்காலம் அதை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒருநாளும் தவறியதில்லை.

வந்த புதிதில் தன்விகா மூன்று வாரம் ஒரு மஞ்சள் துப்பட்டாவை விடாமல் பிடித்திருந்தாள்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது.

"கண்ணத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன்விகா ஓடினாள்.

இன்றுதான் தன்விகாவுக்கு இங்கே கடைசி நாள். அப்பாவுக்கு ஓசூரில் வேலை. திங்கட்கிழமையிலிருந்து அங்கே வேறு காப்பகம். பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். புரிந்ததா என்று தெரியவில்லை.

பையை எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் பாட்டில் சுவரில் இடித்தது. எழுந்துபோய் வழியனுப்பியிருக்க வேண்டும். எழுந்தால் விளையாட்டு முடிந்துவிடும்.

அவள் அப்படியே கிடந்தாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். தன் பிள்ளை என்று ஒன்று இருக்கிறவர்களுக்குச் சொன்னது.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தாள்.

தன்விகாவின் அம்மா. இடுப்பில் தன்விகா. ஒரு பக்க முடி அவிழ்ந்து கண்ணில் விழுந்திருந்தது.

"மிஸ், இவ கிளிப்பு ஒண்ணக் காணோம். நீலக் கலரு. இங்க எங்காச்சும் கெடக்குதுங்களா?"

மூடிய கைக்குள் கிளிப்பின் பல் குத்தியது.

தன்விகா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்களே, நான் பாக்கலீங்க."

பதினோரு வருடங்களில் ஒரு தாயிடம் அவள் சொன்ன முதல் பொய்.

தன்விகா காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவின் தோள்வழியாகக் கையை மட்டும் ஆட்டினாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாக்கள் ஆட்டுவார்களே, அப்படி.

ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

கவின் சட்டியோடு வந்து நின்றான்.

"பாப்பா இன்னும் தூங்கலையா?"

அவள் படுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். விரல்களைத் திறக்கவில்லை.