ஆறு மணித் துணை

"பொய் சொல்லாதீங்க அங்கிள். நீங்க குளிசை விழுங்கல. வெறும் தண்ணிதான் குடிச்சீங்க."

ஹலீம் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். பிறகு கைபேசியைப் பார்த்தான். மறுமுனையில் பேசியவளுக்குப் பன்னிரண்டு வயது. மலைப்பக்கம் ஏதோ ஒரு தோட்டம். முகம் தெரியாது, ஊர் தெரியாது. மைனா என்பதுகூடத் தொண்டு நிலையம் வைத்த பெயர்தான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சத்தம் வரலையே. குளிசைன்னா தொண்டையில ஒரு தடவ நின்னுட்டுத்தான் போகும். நீங்க விழுங்காட்டி நானும் விழுங்க மாட்டேன். அதானே சட்டம்."

சட்டம் அதுதான். எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த பிள்ளைகளுக்காகக் கண்டியில் இயங்கும் ஒரு தொண்டு நிலையம் வகுத்தது. மருந்து ஒரு நாளும் தவறக் கூடாது. அதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு ஊரில் ஒரு துணை. மாலை ஆறு மணிக்குத் துணை அழைக்கும். பிள்ளை மருந்தை விழுங்கும் அதே நேரத்தில் துணையும் ஒரு குளிசை விழுங்க வேண்டும். சத்துக் குளிசையானாலும் சரி. பிள்ளை தனியாக விழுங்கக் கூடாது, அவ்வளவுதான். தொலைபேசி நிறுவனம் ஒன்று இணைப்பை இலவசமாகக் கொடுத்தது. சத்துக் குளிசையை மருந்துக் கடைக்காரர்கள் கொடுத்தார்கள்.

மைனாவோடு மூன்று வருடம் பேசியவள் ஹலீமின் மனைவி அகீலா. டெங்கு அவளை ஐந்தே நாளில் கொண்டுபோனது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு நிலையத்து அம்னா வந்தாள். மேசையில் கிடந்த அகீலாவின் கைபேசியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"ஆறு மணிக்கு அந்தப் புள்ள பாத்துக்கொண்டு இரிக்கும் நானா."

அன்றிலிருந்து தவறாமல் அழைக்கிறான். குளிசைதான் விழுங்கவில்லை. போத்தல் அகீலாவின் மேசை லாச்சியில் இருந்தது. அந்த லாச்சியைத் திறக்க அவனால் முடியவில்லை.

"அங்கிள், ஜன்னலத் தொறங்க. மூணு நாளா மூடியே கெடக்கு."

ஹலீம் சுற்றிப் பார்த்தான். பிலிமத்தலாவையில் ரயில் பாதையோரம் அவன் வீடு. உள்ளே அவனைத் தவிர யாருமில்லை. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

"நீ எங்க இருந்து பேசுற?"

"வீட்லதான். அந்தக் கதிரையில உக்காராதீங்க. அது அன்ட்டியோடது."

எழுந்துவிட்டான். அகீலாவின் கதிரைதான்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா? ராத்திரில வேர்த்துக் கொட்டுதா?"

கொட்டியது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்கார லாபிர் நானா மட்டும், "ஒன்ட சட்டைக்குள்ள இன்னொரு ஆளும் குடியிருக்கலாம் போல," என்று நையாண்டி பண்ணியிருந்தார். பெண்சாதியின் நினைப்பில் இளைக்கிறான் என்று அவருக்கு எண்ணம்.

"இதெல்லாம் ஆரு ஒனக்குச் சொல்ற?"



"அன்ட்டிதான் ஒங்களப் பாத்துக்கச் சொன்னாங்க."

ஹலீம் அழைப்பைத் துண்டித்தான். மைனா விழுங்கிய சத்தம் கேட்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. திரும்ப அழைக்கக் கை வரவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனான். நிலையத்தில் அம்னா அப்போதுதான் கதவைத் திறந்திருந்தாள்.

"அந்தப் புள்ளய வேற ஆருக்காவது குடுங்க அம்னா."

"ஏன் நானா?"

"பயமா இரிக்கி. ஜன்னல் மூடினது தெரியிது. நான் எந்தக் கதிரையில இரிக்கிறன் எண்டு தெரியிது. அவள் எங்கயோ இருந்து என்னப் பாக்கிறாள்."

அம்னா கதிரையை இழுத்துப் போட்டாள். அவனை உட்காரச் சொன்னாள்.

"பாக்கல்ல. கேக்குறா. ஜன்னல் தொறந்தா ஆறு மணி ரயில் கேக்கும். அகீலாட கதிரை கிறீச்சிடும். மூணு வருஷமா அந்த வீட்டக் காதால பாத்த புள்ள."

"மூச்சு வாங்குறது? வேர்க்கிறது?"

"ஒன்பது வயசுல ஆறு மாசம் அவ குளிசையெல்லாம் தண்ணி ஓடுற காணுக்குள்ள போட்டிருக்கா. மருந்து நிண்டா ஒடம்பு என்ன செய்யும் எண்டு அவவுக்கு நல்லாத் தெரியும்."

ஹலீம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்து நான் பாதியில வெச்சிட்டன். அவ விழுங்கல்ல. ஒரு புள்ளட உயிரு என்ட கையில வேணாம் அம்னா."

"அவ விழுங்கிட்டா. எப்பவும் அஞ்சரைக்கே விழுங்கிடுவா. ரெண்டு வருஷமா ஒரு நாளும் தவறினதில்ல. அவவுக்கு இப்ப துணையே தேவயில்ல."

"அப்ப ஆறு மணிக்கு ஏன் காத்துக்கொண்டு இரிக்கிறா?"

அம்னா அலுமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். துணை என்ற இடத்தில் மைனா என்று எழுதியிருந்தது. மருந்து எடுப்பவர் என்ற இடத்தில் ஹலீமின் பெயர்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து அகீலா எனக்கும் மைனாவுக்கும் போன் எடுத்து, இப்பிடி மாத்தி எழுதச் சொன்னா."

அவன் தாளைத் தொடவில்லை.

"அந்த லாச்சியத் தொறங்க நானா," என்றாள் அம்னா. "அகீலாவுக்கு ஒரு நோயும் இருக்கல்ல. அதுல இரிக்கிறது ஒங்கட போத்தல், அந்தப் புள்ள எடுக்கிற அதே மருந்து. மூணு வருஷமா அந்தப் புள்ள போன்ல கேட்டது, பக்கத்துல இருந்து நீங்க ஒங்கட மருந்த விழுங்கின சத்தம்."