முள் சிவப்பைத் தொட்டால்

“நல்லாக் கேட்டுக்க. முள்ளு சிவப்பைத் தொட்டுட்டா டேங்க் காலின்னு அர்த்தம் கிடையாது. இந்த உண்மை உலகத்துல பாதிப் பேருக்குத் தெரியாது.”

பட்டமளிப்பு விழாவில் பேசுகிறவரின் நிதானத்தோடு கணவர் இதை அறிவித்தபோது கார் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் கஞ்சி போட்ட வெள்ளை யூனிஃபார்மில், சான்றிதழ் உறையை மடியில் அணைத்தபடி மனைவி. இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் துடைப்பம் பிடிப்பவர் வரை எல்லோருக்கும் அவள் சிஸ்டர். வீட்டில் மட்டும் ‘இந்தா’.

பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. நகரத்தின் மறுகோடியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர் வேலை. இரவுப் பணி கிடையாது. தனி அறை, தனி மேஜை. இதை விட்டால் அடுத்த முறை வயது தாண்டிவிடும். டாக்ஸியில் போய்க்கொள்கிறேன் என்றுதான் காலையில் சொன்னாள். வீட்டு வாசலில் கார் நிற்கும்போது டாக்ஸியா, நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவர் சாவியை எடுத்துக்கொண்டார். அந்த நாலு பேர் காரைத்தான் பார்ப்பார்கள். டேங்க்கை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

“ஏங்க, அதோ ஒரு பங்க் வருது.”

“வரட்டும்.”

வந்தது, போனது. அங்கே அளவு சரியிருக்காதாம்.

அடுத்த பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்களாம். அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தொந்திக்காரர் இவர்கள் காரைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினார். கணவர் வெயில் மறைப்பை முகத்துக்கு நேரே இறக்கிக்கொண்டு காரை விரட்டினார்.

“நேத்தே போட்டு வெச்சிருக்கலாம்ல?” என்றாள்.

“நேத்து நாம வழக்கமாப் போடுற இடத்துல ஒரே கூட்டம். அத்தனை பேர் காத்துக்கிட்டு நிக்கும்போது நான் போய் முன்னாடி நின்னா நல்லாவா இருக்கும்?”

இந்த நாகரிகம், குளியலறைக்கு வெளியே வீடே துண்டோடு காத்து நிற்கும்போது எங்கே போகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

டேங்க்கின் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறதாம். அதில் தேங்கிக் கிடப்பதை முள் கணக்கில் சேர்ப்பதே இல்லையாம். முள்ளும் சிவப்பு விளக்கும் பயந்தாங்கொள்ளிகளுக்காக வைத்தவையாம். விவரம் தெரிந்தவன் ஏ.சி.யை அணைப்பான், கண்ணாடியை ஏற்றுவான், இறக்கம் வந்தால் வண்டியைத் தானாக உருள விடுவான். அவர் எல்லாவற்றையும் செய்தார். கண்ணாடி ஏறிய காருக்குள் கஞ்சி போட்ட காலர் மெல்ல நனைந்து வதங்கியது. அவளுடைய சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே விட்டு வந்திருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் கூடியிருக்கும் என்பதையும் வருத்தத்தோடு சொன்னார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். உறையின் ஓரம் அவள் விரலுக்குள் சுருண்டு போயிருந்தது.

“இதுதாங்க கடைசி பங்க். இதை விட்டா ஆஸ்பத்திரி வரைக்கும் ஒண்ணும் கிடையாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க.”

“இந்த பங்க்காரன் வாசல்ல போய் நான் நிக்கிறதா? அதுக்கு வண்டியைத் தள்ளிக்கிட்டே போகலாம்.”

கார் அவர் சொல்லுக்கு மிகவும் மரியாதை கொடுத்தது. கடைசி பங்க் கண்ணுக்கு மறைந்ததும் இரண்டு முறை விக்கியது. பிறகு சாலையோரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

“தூசி ஏதாவது அடைச்சிருக்கும்” என்றார் கணவர்.

அவள் இறங்கி, ஒரு கையில் உறையும் ஒரு கையில் செருப்புமாக ஓடினாள். நடுச்சாலையில் நின்று ஒரு டாக்ஸியை மறித்து ஏறியபோது, பின்னாலிருந்து அவர் குரல் பெருமையோடு வந்தது.

“பாத்தியா, சிவப்பைத் தொட்ட பிறகும் எவ்வளவு தூரம் வந்திருக்கு!”

ஆஸ்பத்திரியில் எல்லோரையும் கேட்டு முடித்துக் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வியர்வையில் ஒட்டிய முடியோடு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து, நடுவில் இருந்த பெரிய டாக்டருக்கு என்ன தோன்றியதோ, உட்காரச் சொன்னார்.

ஒரே கேள்விதான். வார்டில் ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டதும் என்ன செய்வீர்கள்?

“தொட விட மாட்டேன், சார்” என்றாள். கேள்விக்கு வேண்டியதைவிட அதிக ஆத்திரம் அந்தப் பதிலில் இருந்தது. “அடியில இன்னும் கொஞ்சம் இருக்கும், தாங்கும்னு யாராவது சொன்னா, அவங்களை முதல்ல வார்டை விட்டு வெளியே அனுப்புவேன்.”

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர் கட்டிய கோப்பை மறுபடி பிரித்து, அவள் பெயருக்கு நேரே ஏதோ குறித்தார்.

“இவ்வளவு பொறுப்பாப் பேசுறீங்க. அப்புறம் ஏன்மா லேட்டு?”

“வழியில காருக்குப் பெட்ரோல் தீர்ந்துபோச்சு, சார்.”

“அடடா. யார் ஓட்டிக்கிட்டு வந்தது?”

“வீட்டுக்காரர்.”

“அவர் என்ன பண்றார்?”

எல்லாக் கேள்விக்கும் படித்துவிட்டு வந்தவள், இந்த ஒன்றுக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பெட்ரோல் பங்க் வெச்சிருக்கார்.”