ஒட்டி மறைத்த படம்

"இந்தக் கருமத்தைக் குழந்தைங்க கையில கொடுக்கலாமா ஐயா?"

கோபி காமிக்ஸ் புத்தகத்தை விரித்துப் பிடித்தான். கள்ளிக்குப்பம் பிளாட்ஸ் சங்கத்தின் மாதக் கூட்டம். தலைவர் அய்யாசாமி சட்டைப் பையைத் துழாவினார். வழக்கம்போலக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இன்னா நைனா கீது இதுல?"

"ஒருத்தன் கத்தியை ஓங்குறான். அடுத்த பக்கத்துல ஹீரோ மேல ஹீரோயின் சாஞ்சுகிட்டு நிக்கிறா. என் பொண்ணு மூணாவது படிக்கிறா ஐயா. எங்க வீட்டுல டி.வி. சீரியல்கூடக் கிடையாது!"

புத்தகங்களைக் கொடுத்தவர் தரைத்தளத்து ஜஸ்டின். சின்ன வயதிலிருந்து சேர்த்த காமிக்ஸைப் பெட்டியோடு சங்கத்து அலமாரிக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். அதற்கு முன்பு அங்கே இருந்தது ஜோசியமும் சமையல் குறிப்பும்தான். ஈ, காக்கை எட்டிப் பார்த்ததில்லை. இப்போது சாயங்காலமானால் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"அதுங்க இங்க வர்றதே இதுக்காகத்தான் சார். எடுத்துட்டா மறுபடி செல்போன்தான்," என்றார் ஜஸ்டின்.

"அப்ப தப்பான படத்தையெல்லாம் நான் மறைச்சுத் தர்றேன். அதுக்கப்புறமும் பிள்ளைங்க கெட்டா மொத்தத்தையும் எடைக்குப் போட்டுடணும். சம்மதமா?" என்றான் கோபி.

ஜஸ்டினுக்கு மனசே இல்லை. இருந்தாலும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோபி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, படம் படமாக வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டினான். ஊரைத் திருத்தக் கிளம்பியவனுக்குச் சாப்பாடு நினைவே வரவில்லை. பக்கத்தில் மகள் அகல்யா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குக் கீழ என்னப்பா இருக்கு?"

"சின்னப் பிள்ளைங்க பார்க்கக் கூடாதது."

மனைவி ஜெயப்பிரியா சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கத்தில் வைத்தாள். "மூடி வெச்சாதாங்க என்னவோ ஏதோன்னு தோணும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா?"

கோபி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அகல்யா, நீ உள்ள போ."

அகல்யா போனாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கோபி ஒரு கட்டுப் புத்தகத்தோடு வந்தான். முகத்தில் அப்படியொரு வெற்றிக்களை. பழைய பேப்பர்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

"நான் சொன்னேன்ல? ஒட்டின தாள் மேலயெல்லாம் பிள்ளைங்க படம் போட்டு வெச்சிருக்குங்க. புத்தி எங்க போகுது பாருங்க!"

முதல் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். தாளில் கோரைப் பல்லோடு ஒரு பேய். இரண்டாவதில் கக்கூஸில் உட்கார்ந்திருக்கும் பையன். மூன்றாவதில் கொம்பு முளைத்த கணக்கு டீச்சர். கூட்டம் சிரித்தது. ஜஸ்டின் மட்டும் தன் பெட்டி போயே போச்சு என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதீங்க, இதைப் பாருங்க. ஒருத்தன் பொண்டாட்டியை அடிக்கக் கை ஓங்குறான். தட்டு பறக்குது, தரையெல்லாம் சோறு. கதவு இடுக்குல ரெண்டு கண்ணு. எவ்வளவு வக்கிரம்! இதுல வசனம் வேற!"

அந்த மனுஷன் வாய்க்கு மேலே வரைந்திருந்த வட்டத்தில் இருந்ததை, கோபி கணீரென்று படித்தான்.

"'அகல்யா, நீ உள்ள போ...'"

புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தான்.

அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தான். கை ஓங்கியவன் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. அவன் கழுத்தில் இப்போது தொங்குகிற அதே அட்டை.

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஜெயப்பிரியா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ராஜகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குரலைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனையோ முறை கேட்டுவிட்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தவள்.

கோபிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கண்ணாடியில்லாத அய்யாசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா நைனா, பாதியில நிறுத்திட்ட? யாரு வரைஞ்சது இது?"

"நான்தான் தாத்தா!"

அலமாரிப் பக்கம் நின்றிருந்த அகல்யா கையைத் தூக்கினாள்.

"தாளுக்குக் கீழ சின்னப் பிள்ளைங்க பார்க்கக் கூடாதது இருக்குன்னு அப்பா சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."