பெட்டிக்குள் ஒரு மாவிலை

பூச்சி முட்டை சாகட்டும் என்று ஒரு மணி நேரம் சுடுநீரில் முக்கி எடுத்திருந்தார்கள். மாம்பழத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புழு இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் கிடந்த அதன் அக்காவை அதிகாரி இரண்டாக அறுத்தார். ஒன்றுமில்லை. கடல் தாண்டி யாராவது ஒருவர் தன்னை ருசித்துச் சாப்பிட்டால் போதும் என்று பழம் அதையும் பொறுத்துக்கொண்டது.

பெட்டியை மூடும்போது, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று பெட்டி கட்டும் பூவாயி ஒரு மாவிலையைச் செருகினாள்.

"நீ எதுக்குடி வர்றே?" என்றது பழம்.

"நான் இல்லாம எந்த நல்ல காரியம் நடந்திருக்கு?" என்றது இலை.

பெட்டிமேல் ஒட்டியிருந்த சான்றிதழ் சிரித்தது. "பூச்சி இல்லைன்னு நான் சொல்லியாச்சு. அதுக்கு மேல என்ன மங்களம்?"

போய்ச் சேர்ந்த நாட்டில் பெட்டியைத் திறந்தவர்கள் இலையைப் பார்த்ததும் மூடிவிட்டார்கள். இலையில் பூச்சி ஒட்டி வருமாம், பழத்தோடு இலை வரக்கூடாதாம். வந்த முந்நூறு பெட்டியையும் எரிக்க வேண்டுமாம்.

"என்னைப் பார்க்கவே இல்லையே," என்று பழம் சான்றிதழிடம் வாதாடியது. "பார்த்துட்டு எரிக்கட்டும். அக்காவை எதுக்கு அறுத்தாங்க, சொல்லு."

சான்றிதழை மட்டும் கசங்காமல் உரித்தெடுத்துக் கோப்பில் வைத்தார்கள்.

உலைக்கு முன்னால் இலை மெல்லக் கேட்டது: "பூவாயிகிட்ட யாராவது சொல்வாங்களா?"

பழத்துக்குப் பதில் தெரிந்திருந்தது. இந்நேரம் அவள் அடுத்த பெட்டியை மூடிக்கொண்டிருப்பாள், கையில் இன்னொரு இலையோடு.